வேலணையில் செய்த நுணுக்குக்காட்டி

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஓர் எறும்பின் காலைப் பார்த்து நான் போட்ட சத்தத்தில் அப்பா மண்வெட்டியோடு ஓடி வந்தார். பாம்பு என்று நினைத்துவிட்டார். எறும்பின் காலில் மயிர் இருக்கிறது என்று நான் சொன்னதும் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டுத் தானும் குனிந்து பார்த்தார். பிறகு இன்னொரு தடவை பார்த்தார். அன்று புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கப் பிந்திவிட்டது.

அந்த நுணுக்குக்காட்டியைச் செய்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. கொழும்பில் தராசுகள், நில அளவைக் கருவிகள், நுணுக்குக்காட்டிகள் எல்லாம் திருத்திப் பூட்டும் கடை ஒன்றில் வேலை செய்தவர். கொழும்பில் தமிழரைத் தேடி அடித்த கலவரத்தின்போது அவரும் மாமியும் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கி, நேரே வேலணையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாமியிடம் ஒரு கைப்பை. மாமாவின் கக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் பஞ்சில் சுற்றிய கண்ணாடி வில்லைகள் இருந்தன. அவர்கள் எங்களோடு இருக்க வந்ததில் எனக்கு அப்படியொரு புளுகம், துள்ளித் திரிந்தேன். ஏன் வந்தார்கள் என்று நான் கேட்கவேயில்லை.

அடுத்த வருடம் மாமா எங்கள் மாட்டுக் கொட்டிலின் பாதியை மறித்துப் பட்டறை போட்டார். முதலில் ஒரு பெரிய நுணுக்குக்காட்டி செய்தார். பித்தளையும் கறுப்பு வர்ணமுமாய், அடியில் மின்குமிழோடு, வெளிநாட்டுச் சாமானைப் போலவே இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களுக்குப் போனார். ஆசிரியர்கள் கண்ணை வைத்துப் பார்த்து நல்லாயிருக்கு என்றார்களாம். எந்த நாட்டுச் சாமான் என்று கேட்டார்களாம். வேலணை என்றதும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்களாம்.

"இன்னும் பெரிசாச் செய்யிறன். பிறகு என்ன சொல்லுகினம் எண்டு பாப்பம்," என்றார் மாமா.

மாமி கொழும்பில் புடவைக் கடையொன்றில் விற்பனைக்கு நின்றவர். "இஞ்சருங்கோ, எடுத்துப் பாத்திட்டுத் திருப்பி வைக்கிற ஆக்களைத்தான் கவனிக்கோணும்," என்றார். "அவை ஏன் வைக்கினம்? யாழ்ப்பாண ரவுண் பள்ளிக்கூடங்களில இது ஏற்கனவே இருக்கு. இல்லாதது தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில. அங்க கரண்டும் இல்லை. உடைஞ்சால் திருத்த ஆளும் இல்லை. அவைக்கு ஏத்த மாதிரிச் செய்யுங்கோ."

மாமா இரண்டு நாள் மாமியோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வேலையைத் தொடங்கினார். ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டு தண்ணீர்க் குழாய்த் துண்டுகள், பனை மரத்தில் ஒரு கால், வெயிலைப் பிடித்து மேலே அனுப்ப அடியில் ஒரு முகக் கண்ணாடித் துண்டு, தகரப் பெட்டியிலிருந்து இரண்டு வில்லைகள். எல்லாவற்றையும் கழற்றி ஒரு பைக்குள் போடலாம், வேண்டியபோது திரும்பப் பொருத்திப் பூட்டலாம். எறும்பின் காலை எனக்குக் காட்டியது அதுதான்.

நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போவது என்று முடிவானபோது மாமி இன்னொன்றும் சொன்னார்.

"நீங்கள் பூட்டிக் காட்டினால், ஆள் கெட்டிக்காரன் எண்டுவினம். பிள்ளை பூட்டிக் காட்டினால், பூட்டுறது லேசு எண்டுவினம். பிள்ளைதான் பூட்டோணும்."

எனக்கு நித்திரையே வரவில்லை. குசினியில் பூட்டினேன், கிணற்றடியில் பூட்டினேன், கண்ணை மூடிக்கொண்டு பூட்டினேன். உப்பைப் பார்த்தேன், வெங்காயச் சருகைப் பார்த்தேன், மாமாவின் மீசையில் ஒரு மயிரைப் பிடுங்கிப் பார்த்தேன்.

மாமாவும் மாமியும் நானும் குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் ஏறினோம். நடுக்கடலில் ஓர் அலை எங்களைத் தூக்கிப் போட்டது. நான் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி முழுக்க நனைந்தேன். என் செருப்பில் ஒன்று கடலோடு போனது. பை நனையவில்லை. மாமா என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு மற்றச் செருப்பையும் எறிந்திருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் அதிபரும் விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சரும் மேசைக்கு முன்னால் கதிரைகளில் இருந்தார்கள். கவ்வைக்கல் அடுக்கிய மதிலின் மேலெல்லாம் பிள்ளைகள். நான் ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூட்டத் தொடங்கினேன். கால் சரி. குழாய் சரி. வில்லைகள் சரி. கடைசியாகக் கண்ணாடியை எடுத்தபோது, வேர்த்திருந்த கையிலிருந்து அது வழுக்கிச் சீமெந்து நிலத்தில் விழுந்து தூளாகிப் போனது.

மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

மாமி எழும்பி வந்து என்னருகில் நின்றார். கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து, மூடியிலிருந்த வட்டக் கண்ணாடியைக் கொண்டையூசியால் கிளப்பினார். பிறகு மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, முதல்நாள் வெட்டுப்பட்ட விரலில் சுற்றியிருந்த பிளாஸ்டரை ஒரே இழுவையில் பிடுங்கினார். மாமா "ஆ" என்று கத்த, மதிலில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

"ம், பூட்டும் பிள்ளை," என்றார் மாமி, இரண்டையும் என்னிடம் நீட்டி.

ஒட்டினேன். வெயில் பக்கம் திருப்பினேன். குழாய்க்குள் வெளிச்சம் ஏறியது. ரீச்சர் பக்கத்துக் கேணியிலிருந்து தண்ணீர் எடுப்பித்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு முதலில் தானே பார்த்தார். பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை. அதிபர் இரண்டு முறை செருமிய பிறகுதான் இடம் விட்டார். அதிபர் குனிந்தார், திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"கையும் காலும் வைச்சு ஓடுது! உந்தத் தண்ணியையோ நாங்கள் இவ்வளவு நாளும் குடிச்சனாங்கள்?"

அதற்குப் பிறகு ஒருவராலும் பிள்ளைகளை மறிக்க முடியவில்லை. மதிலிலிருந்து குதித்து ஓடி வந்து வரிசையில் இடிபட்டார்கள். பார்த்து முடித்தவர்கள் ஓடிப்போய்த் திரும்பவும் கடைசியில் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளை கூச்சலிடும்போதும் அந்தப் பூச்சியை நானே பெற்றெடுத்ததுபோல் எனக்குப் பெருமையாக இருந்தது.

அதிபர் மாமாவைப் பார்த்து, "உடைஞ்சால் உப்பிடியே திருத்தலாமோ?" என்று கேட்டார்.

மாமி முந்திக்கொண்டார். "கொழும்புச் சாமான் உடைஞ்சால் கொழும்புக்குத்தான் போகோணும், சேர். இதுக்கு உங்கட சந்திக் கடை காணும்."

அதிபர் ஒன்று கேட்கவில்லை. வகுப்புக்கு ஒன்று கேட்டார். மற்றப் பள்ளிக்கூட அதிபர்களிடமும் சொல்வதாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மாமா "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்.

திரும்பி வரும் லோஞ்சில் நான்தான் கதைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த பள்ளிக்கூடத்திலும் கண்ணாடியை உடைக்கட்டோ என்று கேட்டேன். மாமா சிரித்தார். மாமி சிரிக்கவில்லை.

"வில்லை எத்தினை மிச்சம்?" என்று மாமாவைக் கேட்டார்.

"நாலைஞ்சுக்குத்தான் காணும்."

"தபாலில எடுக்க ஏலாதோ?"

"வில்லையைக் கண்ணில வைச்சுப் பாத்துத்தான் எடுக்கோணும். பழைய முதலாளி நல்ல மனிசன், தருவார்." மாமா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொழும்புக்குப் போட்டு வாறன்."

மாமா திரும்பி வந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வில்லைகளோடு, சுகமாக வந்தார். அந்த வருடம் எங்கள் மாட்டுக் கொட்டிலில் செய்த நுணுக்குக்காட்டிகள் நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் போயின. மாடு வெளியில் பூவரச மரத்தடியில் நின்றது. நானும் பல பள்ளிக்கூடங்களில் பூட்டிக் காட்டினேன். ஒன்றும் உடையவில்லை.

ஆனால் அவர் கொழும்புக்குப் புறப்பட்ட காலையில் நானும் யாழ்ப்பாணம் ஸ்டேசனுக்குப் போயிருந்தேன். எங்கள் வியாபாரம் கொழும்புவரை போகிறது என்று எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ரெயில் வருவதற்குச் சற்று முன், மாமாவின் சேட்டுப் பையிலிருந்த தமிழ்ப் பேப்பரை மாமி எடுத்துத் தன் கைக்குள் மடித்துக்கொண்டார். பிறகு சேலைத் தலைப்பால் மாமாவின் நெற்றியை அழுத்தித் துடைத்தார். அம்மா பூசிவிட்ட திருநீறும் சந்தனமும் போய்விட்டன. மாமா சின்னப் பிள்ளைபோல் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் பதறிப்போனேன். இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகிறவர் வெறும் நெற்றியோடு போவதா?

"மாமி, திருநீறு அழிஞ்சு போச்சு!" என்று சனம் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"ஓம் பிள்ளை," என்றார் மாமி, துடைப்பதை நிறுத்தாமல். "வந்து பூசுவார்."