சேலை கட்டிய சேல்ஸ்மேன்

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கிள்ளான் நகரத்தில் ஒரு சேலைக் கடையில் நானும் என் நண்பனும் வேலை பார்த்தோம். வேலை என்று பெயர்தான். தீபாவளி முடிந்துவிட்டால் மடித்த சேலையைப் பிரிப்போம், பிரித்ததை மறுபடி மடிப்போம். ஐந்தாம் படிவப் பள்ளிப் பரீட்சையில் கோட்டைவிட்ட எனக்கு அந்த வேலை கிடைத்ததே அதிசயம். அப்பா லோரியிலிருந்து விழுந்து வீட்டில் படுத்திருந்தார்; என் சம்பளத்தில்தான் அரிசி வந்தது. தெரிந்தும் கைகால் சும்மா இருக்காது. "இன்னொரு தடவ கடையில கூத்தடிச்சே, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடணும்" என்று முதலாளி எச்சரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காமெடி படம் பார்த்தோம். எங்களைப் போலவே கடையில் கொட்டாவி விடும் நான்கு பையன்கள். வாடிக்கையாளரைக் கிண்டலடிக்கிறார்கள், முதலாளியை ஏமாற்றுகிறார்கள், கடைசியில் ஒருவன் முதலாளி மகளையே கட்டிக்கொள்கிறான். எங்கள் முதலாளிக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள். அதனால் மற்றதை மட்டும் பின்பற்றலாம் என்று முடிவு செய்தோம்.

மறுநாள் மதியம் கடையில் ஆளில்லை. முதலாளி பேங்குக்குப் போயிருந்தார். சேலைக் கடையில் ஆண்களே சேலையைத் தோளில் போட்டுக் காட்டுவது வழக்கம். நான் ஒருபடி மேலே போய், ஒரு மஞ்சள் சேலையைச் போட்டிருந்த சட்டை, சிலுவார் காற்சட்டைக்கு மேலேயே முழுசாகக் கட்டிக்கொண்டேன். காப்பாரிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு அக்கா முப்பது சேலை பிரிக்கச் சொல்வார். ஒன்றும் வாங்காமல் போவார். அவரைத்தான் நடித்துக் காட்டினேன்.

"இதே பார்டரு... ஆனா கலரு மட்டும் கொஞ்சம் அடங்குன மாதிரி இருக்கா தம்பி?"

மேசையைத் தட்டிச் சிரித்த நண்பன் சட்டென்று நிறுத்தினான். திரும்பினால், அதே அக்கா. எவ்வளவு நேரமாக நின்றாரோ! அவசரமாகக் கொசுவத்தை உருவப் போனேன். அதற்குள் முதலாளியும் வந்துவிட்டார்.

"என்னடா இது?"

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அக்காதான் பேசினார்.

"நான்தான் கட்டிக் காட்டச் சொன்னேன் மொதலாளி. தோள்ல போட்டா ஒன்னும் தெரிய மாட்டேங்குது லா."

"அப்ப நல்லா காட்டுடா" என்று முதலாளி கல்லாவில் உட்கார்ந்தார். நான் மூச்சு விட்டேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மஞ்ச ஒனக்கு எடுப்பா இல்ல தம்பி. அந்தப் பச்சையக் கட்டு."

கட்டினேன். நடக்கச் சொன்னார், நடந்தேன். "வயித்த உள்ள இழு லா!" பச்சை, ஊதா, அரக்கு என்று ஒன்பது சேலை. வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்துவிட்டது. அதில் ஒரு ஆன்டி நான் கட்டியிருந்த அரக்குச் சேலையையே வாங்கிப் போனார். நண்பன் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் போய்விட்டான்.

அக்கா கிளம்பியதும் பின்னாலேயே ஓடினேன். "அக்கா, மன்னிச்சிருங்க."

"நான் பேசுறது அப்படியா இருக்கு?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

இப்போது எனக்கு வயசாகிவிட்டது. நான் வேலை செய்யும் ஆபீசில் என்னை நடித்துக் காட்டும் பையன்கள் இருக்கிறார்கள்; கதவோரம் நின்று நானே பார்த்திருக்கிறேன். இருமிவிட்டு உள்ளே போகும் அளவுக்குத்தான் எனக்குப் பெருந்தன்மை வந்திருக்கிறது. அவர்களுக்காக மேலதிகாரியிடம் பொய் சொல்லும் அந்த மனசு இன்னும் வரவில்லை.