சைபர் காட்டும் கேஜ்

செங்கம் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். வந்து நிற்கிற வண்டிக்காரர் எல்லாரும் எனக்குப் பாதி உறவு. அதிலும், தினம் காலையில் பைக்குக்குக் காற்றடிக்க வரும் அறிவியல் வாத்தியார் என்னை "அண்ணே" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் டயரைத் துடைத்துவிட்டுக் காற்று வைப்பேன்.

ஒருநாள் கேட்டார்: "அண்ணே, பூமியச் சுத்தி இருக்கிற மொத்தக் காத்தையும் எடை போட முடியுமா?"

டயரில் காற்றழுத்தம் பார்க்கும் கேஜை வெளியே நீட்டினேன். முள் அசையவில்லை. "சைபர் சார். எடையே கெடையாது."

சிரித்துக்கொண்டே போனார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பஞ்சரான ட்யூபை மடியில் வைத்துக்கொண்டு நாலு நாள் யோசித்தேன். இதற்கும் கேஜ் சைபர்தான் காட்டும். ஆனால் இதற்குள்ளும் காற்று இருக்கத்தானே செய்கிறது? அப்படியானால், வெளிக்காற்றைவிட எவ்வளவு ஜாஸ்தி என்பதை மட்டும்தான் கேஜ் சொல்கிறது. வெளிக்காற்றை அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை. செல்போனில் தேடினேன். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ நம்மேல் உட்கார்ந்திருக்கிறதாம். பூமியின் பரப்பு எத்தனை சதுர சென்டிமீட்டரோ, சுமாராக அத்தனை கிலோ காற்று. ஐந்து போட்டுப் பதினெட்டு சைபர். மலை மேலே காற்று கம்மி, அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும்.

சொன்னதும் வாத்தியார் என் கரிக்கையைப் பிடித்துக்கொண்டார். "வேங்கிக்கால்ல அறிவியல் கூட்டம் இருக்குண்ணே. இத நீங்களே மேடையில சொல்லணும்."

புதுச்சட்டை தைத்தேன். கேஜைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வாத்தியார் மட்டும் மேடை ஏறினார். "ஒரு பஞ்சர் கடைக்காரன்கிட்ட கேட்டேங்க. கேஜ நீட்டி, சைபர்னுட்டான்!" கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், "நான் யோசிச்சுப் பாத்தேன்" என்று ஆரம்பித்தார். பஞ்சரான ட்யூப், சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, மலை மேலே கம்மி, எல்லாம் என் வார்த்தைகள். "வேற கிரகம்னா அங்க ஈர்ப்பு வேற, அதுக்கேத்தபடி வகுக்கணும்" என்ற கடைசி வரி மட்டும் அவருடையது. தப்பு மட்டும் என்னுடையது.

அவமானப்பட்டவனைக் 'காத்து எறங்கிப்போச்சு' என்பார்கள். நானே எத்தனை பேரை அப்படிக் கிண்டல் செய்திருக்கிறேன்!

மறுநாள் காலை வந்தார். "அண்ணே, நேத்து உங்களப் பத்தியும் சொன்னேன், கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

டயரைத் துடைக்காமல் காற்று வைத்தேன்.

"கோவமாண்ணே?"

கேஜை டயரிலிருந்து எடுத்து, அவர் முகத்துக்கு நேரே வெறுங்காற்றில் நீட்டினேன்.

"கோவத்தப் பாருங்க சார். சைபர்."

சிரிக்க வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். அந்த முள் எதைக் கணக்கில் சேர்க்காது என்று அவருக்குத் தெரியுமே.