மறுமுனையிலிருந்து

ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அங்கு வேலை செய்பவர்களுக்குக் கூடி வேலை செய்வது பற்றி வகுப்பெடுக்க என்னை அனுப்பியிருந்தார்கள். வகுப்பு பிற்பகலில்தான். காலையில் மலைக்குப் போனபோது, புல்வெட்டும் பெண்களிடம் வேலை வாங்கும் பெண் கங்காணியைப் பார்த்தேன். ஒல்லியான உடம்பு. ரவிக்கையின் பின்கழுத்தில் குடையை மாட்டியிருந்தார். பேசிக்கொண்டே, காலில் ஏறும் அட்டையைக் குனிந்து பார்க்காமலே பிடுங்கி எறிவார்.

தேயிலைக்கு நடுவே ஆளுக்கொரு நிரை. தன் நிரையை முடித்தவள் ரோட்டோரம் உட்கார்ந்தால் விடமாட்டார். பின்தங்கியவளுக்கு உதவ அனுப்புவார். ஆனால் அவளுக்குப் பின்னால் அல்ல, அந்த நிரையின் மறுமுனைக்கு. அங்கிருந்து வெட்டிக்கொண்டு வந்து நடுவில் சந்திக்க வேண்டும்.

“ஏன் அவ்வளவு தூரம் சுத்தி அனுப்புறீங்க?” என்று கேட்டேன்.

“பின்னால போயி நின்னா வெரட்டுற மாதிரி இருக்கும் சேர். எதுருல வந்தா மூஞ்சி தெரியும். நேத்து சண்ட போட்டவளா இருந்தாலும், கிட்ட வந்ததும் ஏதாச்சும் பேசித்தானே ஆகணும்.”

அதைக் குறித்துக்கொண்டேன், வகுப்பில் சொல்லவும் செய்தேன். நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாக, எல்லோரும் என்னையே பார்க்கும்படி போடச் சொல்லியிருந்தேன். கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அந்தக் கங்காணி, வகுப்பு முடியும்வரை முன்னால் இருந்தவர்களின் முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.