அரிசி போடாத அண்டா

இம்மானுவேல் மாமா திருமங்கலத்தில் ஒரு பிரியாணிக் கடையில் மாஸ்டர். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து விரத நாட்கள் முழுக்கக் கறி சமைப்பார். ஒரு துண்டு வாயில் வைக்கமாட்டார். அந்த நாட்களில் உப்புப் பார்ப்பது கடையில் அவரோடு வேலை செய்யும் சோணை அண்ணன்தான். குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு விரலைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் ஒரு கை உப்பு.

சமயநல்லூரில் எங்கள் சபைக்கு ஈஸ்டர் பிரியாணியும் மாமாதான் செய்வார். கூலி வாங்கமாட்டார். அதிகாலை ஆராதனை முடிந்து வருகிறவர்கள் நாற்பது நாளுக்குப் பிறகு தொடுகிற முதல் கறி அது. போன வருடம் சோணை அண்ணன் ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய்விட, டீக்கடைக்காரரை உப்புப் பார்க்கச் சொன்னார்கள். கரித்துவிட்டது. இந்த வருடமும் சரியில்லையென்றால் வெளியே ஆர்டர் கொடுத்துவிடலாம் என்று கமிட்டியில் எஸ்தர் டீச்சர் சொல்லியிருந்தார். மாமா இதை வீட்டில் பேசவே இல்லை. அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இந்த ஈஸ்டருக்கு சோணை அண்ணன் விடியும் முன்பே ஆலய வளாகத்துக்கு வந்தார். வெங்காயம் உரித்தார், அடுப்பு மூட்டினார். ஆனால் சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்டு விரதத்தில் இருந்தார். பிழைப்புக்காகக் கறிப் பக்கத்தில் நிற்கலாம், வாயில் வைக்கக் கூடாது.

குழம்பு கொதித்தது. அரிசி விழுந்துவிட்டால் உப்பைத் திருத்த முடியாது. ஆராதனையில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்கும் வரை மாமாவின் விரதமும் முடியாது. கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். எதை நம்பலாம், எதை விடலாம் என்று இன்னும் பிடிபடவில்லை. எல்லாரும் கறியை விட்டதால் நானும் விட்டிருந்தேன்.

"நான் பாக்கவா மாமா?"

"நீயும் கறி திங்காமத்தான இருக்க?"

"இருக்கேன். எதுக்குன்னுதான் எனக்கே தெரியல."

"தெரியாமயே இம்புட்டு நாள் இருந்துட்ட. இன்னும் ஒரு மணி நேரம் இரு."

விறகை வெளியே இழுத்தார். கைலியை இறக்கிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆராதனை நடந்துகொண்டிருந்த ஆலயத்துக்குள் போனார். நான் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது எனக்குப் பதிலா, இல்லை என் கேள்வியைத் தள்ளிவைத்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

திருவிருந்து எடுத்துவிட்டு அவர் திரும்பும்போது சபையும் பின்னாலேயே வந்துவிட்டது. எஸ்தர் டீச்சர் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆண்டவரே சொன்ன நேரத்துக்கு எந்திரிச்சிட்டாரு. ஒம் பிரியாணி இன்னும் எந்திரிக்கலையா இம்மானுவேலு?"

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. குழம்பைக் கொதிக்க வைத்து, கரண்டியில் எடுத்து ஊதிக் குடித்தார். ஒரு கை உப்பு போட்டுக் கிளறினார். மறுபடி குடித்துவிட்டுக் கரண்டியை என்னிடம் நீட்டினார். நான் தலையாட்டிய பிறகுதான் அரிசியைக் கொட்டினார்.

பிள்ளைகள் பசியில் சிணுங்கினார்கள். சிலர் வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்கள். பந்தி தொடங்கும்போது வெயில் ஏறியிருந்தது.

எஸ்தர் டீச்சர் இரண்டாவது தடவை தட்டை நீட்டினார். "அடுத்த வருசமாச்சும் வெள்ளன அடுப்ப மூட்டுப்பா."

"அடுப்பு வெள்ளனத்தான் மூட்டுனேன் டீச்சர். நீங்க ஆராதனைய வெள்ளன முடிக்கச் சொல்லுங்க" என்றபடி மாமா ஒரு துண்டு கூடுதலாக வைத்தார்.