ஓசி இல்லீங்க

சென்னைக்குப் பக்கத்தில், ராட்டினங்களும் நீச்சல் குளமும் உள்ள சொகுசு விடுதியில் எனக்கும் அம்மாவுக்கும் ஓர் இரவுக்கு அறை பதிவு செய்திருந்தேன். என் அரை மாதச் சம்பளம். ரத்து செய்துவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

மன்னார்குடி பேருந்து நிலையத்தில், அம்மா முன்பு நடவு நட்ட வயலின் பண்ணையார் எதிரே வந்தார். எங்கே போகிறோம் என்று விசாரித்தார். சொன்னேன்.

“அங்கயா? ஒங்களுக்கு எதுக்கும்மா அந்த ஆடம்பரம்?”

“ஆபீஸ்ல ஓசியா குடுத்தாங்கய்யா” என்றேன். பயமா, பழக்கமா, தெரியவில்லை. பொய் தானாக வந்துவிட்டது.

கூலியை உயர்த்தினால்தான் அறுப்போம் என்று அவர் வயலிலேயே அரிவாளைக் கீழே போட்டவள் என் அம்மா. அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: “ஓசி இல்லீங்க. எம் பொண்ணு சம்பாதிச்ச காசு.”

எனக்குத்தான் தலை குனிந்தது. பேருந்தில் ஏறியதும் விடுதிக்குப் போன் செய்து, ஓர் இரவை இரண்டாக்கினேன். அந்தச் செலவுக்கு இன்றுவரை நான் யாரிடமும் காரணம் சொன்னதில்லை.