பிரிட்ஜுக்குள் குறைந்த நல்லெண்ணெய்

போன வாரம் என் மனைவியை எண்ணெய்க் கள்ளி ஆக்கிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தேநீர் சீனி இல்லாமல்தான் வருகிறது.

லண்டனில் இருக்கும் என் தங்கச்சிக்குச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் வேண்டுமாம். கொக்குவிலில் எங்கள் பக்கத்து வீட்டுச் சுகந்தி, தன் தம்பியின் கலியாணத்துக்கு லண்டன் போக இருந்தாள். கொண்டுபோகச் சம்மதித்தாள். கண்ணாடிப் போத்தலில் கழுத்து முட்ட வார்த்தேன். வெளிநாட்டுக்குக் குறைபோத்தல் அனுப்ப முடியுமா? 'அண்ணை சரியான கசவாரம், கஞ்சன்' என்று லண்டன் முழுக்கக் கதை பரவிவிடுமே!

பழுதாகாமல் இருக்கட்டும் என்று பிரிட்ஜில் வைத்தேன். பயண நாள் காலையில் எடுத்துப் பார்த்தால்... எண்ணெய் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது!

"வசந்தி, உதுக்குள்ளை இருந்து எடுத்தனீரோ?"

"எனக்கென்ன விசரே? அடுப்படியிலை வேறை எண்ணெய் கிடக்குத்தானே!"

"அப்ப எண்ணெய் தானா எழும்பி நடந்து போச்சோ?"

அவள் கையிலிருந்த சட்டியை 'டங்' என்று வைத்தாள். நான் குறையை நிரப்பி, மூடியை முறுக்கி, டேப் சுற்றிச் சுகந்தியிடம் கொடுத்தேன். பொலித்தீன் பை? போடவில்லை. டேப் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மத்தியானம். போத்தலை உள்ளே வைத்த சுகந்தியின் சூட்கேஸ், விமான நிலையம் கொண்டுபோகும் வான் வண்டிக்காக முற்றத்து வெயிலில் கிடந்தது. திடீரென்று "சேர்!" என்று ஒரு கூச்சல். மாப்பிள்ளைத் தம்பிக்கு வாங்கிய பட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்!

"திரவம் சூடானால் விரியும் எண்டு எழுதாததுக்கு எனக்கு ஒரு புள்ளி வெட்டினீங்களெல்லே, சேர்?"

வெட்டினேன்தான். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த வாத்தியார் நான். குளிரில் எண்ணெய் சுருங்கியிருக்கிறது. அந்த இடத்தையும் நான் நிரப்பிவிட்டேன். வெயில் பட்டதும் எண்ணெய் விரிந்து, இடமில்லாமல் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! வீட்டுக்குள் வந்தால் மட்டும் பெண்சாதி மேல்தானே சந்தேகம் வருகிறது?

வாசலில் வான் ஹோர்ன் அடித்தது. இன்னும் மூன்று நாளில் கலியாணம். சுகந்தியின் கண் கலங்கிவிட்டது. எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

வசந்தி உள்ளே போய் அலுமாரியைத் திறந்தாள். என் அறுபதாம் கலியாணத்துக்கென்று பத்திரப்படுத்திய பட்டு வேட்டியோடு வந்தாள்.

"இந்தா பிள்ளை, கொண்டு போ. மடிப்புக்கூடக் குலையேல்லை."

"அது என்ரையெல்லே?"

"உங்களுக்குத்தான் இது இருக்கே" என்று எண்ணெய் வேட்டியை என் தோளில் போட்டாள்.

போத்தல் வீட்டில் நின்றுவிட்டது. என் வேட்டி லண்டன் போய்விட்டது.

மற்றதை இரண்டு தரம் தோய்த்து, வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்றவர் கும்பிடுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார். "எங்கையோ தோசை சுடுகினம் போல..."