ஜமால் நானா தீர்த்துவைத்த வெள்ளை

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எதிர்வீட்டு ஜமால் நானாவின் மகன் போன் செய்து, "வாப்பா மவுத்தாயிட்டாங்க மாமா" என்று குரல் உடைந்தபோது என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஐயையோ, இனிமே பெட்ரூமுக்கு யார்கிட்ட கலர் கேக்குறது?" நல்ல பையன். "வாங்க மாமா" என்று மட்டும் சொன்னான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானா துபாயில் ஒரு ஹோட்டல் பராமரிப்புப் பிரிவில் இருந்துவிட்டுக் காரைக்கால் திரும்பியவர்கள். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் சொல்பவர்கள் என்று தெருவில் பெயர். ஷேடு கார்டில் இருக்கும் இங்கிலீஷ் பெயர்களை மதிக்கவே மாட்டார்கள். "இது இடியாப்பம். இது தேங்காப்பால். இது நோன்புக் கஞ்சி, ஹாலுக்கு ஆவாது, வர்றவனுக்குப் பசி எடுத்துடும்" என்பார்கள். அந்தப் பழக்கத்தில் நான் பெயின்ட் கடையில் பத்து லிட்டர் தேங்காய்ப்பால் கேட்டு அசிங்கப்பட்டதும் உண்டு.

மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னதும் எங்கள் ஹாலுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டி வந்தது. நான் இடியாப்பம் என்றேன். மனைவி வசந்தா தேங்காய்ப்பால் என்றாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. ஆனாலும் பேச்சுவார்த்தை நின்றது. ரசம் வேண்டுமா என்பதுகூட மகள் வழியாகத்தான் வந்தது. கடைசியில் அவள், "ரெண்டு பேரும் இப்படியே இருந்தா, அவங்கள வரவேணாம்னு நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன்" என்றாள். பயந்துபோய் நானாவைக் கூப்பிட்டேன்.

வந்தார்கள். பெயின்டர் செல்வம் சுவரில் பூசியிருந்த இரண்டு பட்டைகளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"வெயில் சாயட்டும் தம்பி. உச்சி வெயில்ல எல்லா வெள்ளையும் பொய் சொல்லும்."

டீ குடித்தார்கள். வசந்தா சுட்ட வடையைப் புகழ்ந்தார்கள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் எழுந்து, செல்வத்தை வாசலுக்குக் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னார்கள். செருப்பு மாட்டும்போது என்னிடம் தனியாக, "உங்க கலர்தான் தம்பி. தங்கச்சிகிட்ட காட்டிக்காதீங்க, மனசு கஷ்டப்படும்" என்றார்கள்.

நானும் பெருந்தன்மையோடு தோற்றவன்போல நடித்தேன். வசந்தாவும் சத்தமில்லாமல் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், சம்மதித்தார்கள். சுவரை யாரும் பார்க்கவில்லை.

நேற்று நானாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தேன். கஃபன் துணி வெள்ளையாக இருந்தது. எந்த வெள்ளை என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. போய் வாங்க நானா.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட மனுஷன்! ஹாலுக்கு என் கலர்தான்னு சொல்லிட்டு, உங்களுக்குத் தெரியவேணாம், மனசு கஷ்டப்படும்னு சொன்னாங்க" என்றாள்.

செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு பேரு கலரும் இல்ல சார். நானா வீட்டு மாடிக்கு அடிச்சதுல ரெண்டு டப்பா மிஞ்சிக் கெடந்துச்சு."